கீரைக்காரம்மாவைத் தெருவுக்குள் விடுங்கள்: எங்கள் தெரு நலச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலம் அழகாபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணா, பொருளாளர் அக்கா, உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அவசரக் கூட்டத்துக்கு என்னால் வர முடியவில்லை. ஒரு கல்யாண வீட்டுக்கு 11 ப்ளவுஸ் அன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் எடுத்த முடிவுகளை மறுநாள் வாட்ஸ்அப் குழுவில் படித்தேன். கூவி விற்பவர்கள் யாரும் இனிமேல் தெருவுக்குள் வரக் கூடாது, வேப்பமரத்தடியில் நிற்கும் இஸ்திரி வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு 4,000 ரூபாய் வசூல் செய்து இன்னும் நான்கு கேமரா வாங்க வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணம் என்று எங்கள் வீட்டில் நடந்த திருட்டைத்தான் எழுதியிருந்தீர்கள். என் வீட்டுப் பேரைச் சொல்லி ஒரு முடிவு எடுத்தால், அந்த வீட்டுக்காரி என்ன சொல்கிறாள் என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும். நம் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரட்டும் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். பக்கத்துத் தெருக்களிலும் இதே பேச்சுதான் ஓடுகிறது, அவர்களும் படிக்கட்டும்.

முதலில் அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆளாளுக்கு ஒரு மாதிரி கேள்விப்பட்டிருக்கிறீர்கள்.

அன்று மாதாந்திர கரண்ட் கட். காலை 9 மணிக்குப் போனால் மதியம் 2 மணிக்குத்தான் வரும் என்று முந்தின நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். மோட்டார் வைத்த தையல் மிஷின் ஓடாது. ஃபேன் கிடையாது. வீட்டுக்குள் உட்கார முடியாத புழுக்கம். காற்று வரட்டும் என்று முன்கதவையும் கிரில் கேட்டையும் திறந்து வைத்துவிட்டு, மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த மிளகாயைப் புரட்டிவிட மேலே போனேன். வேர்க்குரு உறுத்துகிறது என்று இரண்டரைப் பவுன் செயினைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தேன். பக்கத்தில் என் போன். அதற்குப் பக்கத்தில், லைனிங் துணி வாங்க எடுத்து வைத்த 6,500 ரூபாய்.

பத்து நிமிஷம் இருக்கும். எங்கள் வீட்டு மாடிப்படி வெளியில்தான் இருக்கிறது. இறங்கி வரும்போது வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது குதிகால் பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தது. தையல்காரி வீட்டு வாசலில் வெளியாள் செருப்பு கிடப்பது தினமும் நடப்பதுதானே? யாரோ துணி கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "உக்காருங்க, கை கழுவிட்டு வந்துடறேன்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தேன். மிளகாய்க் கை எரிந்தது. வீட்டுக்குப் பக்கவாட்டில் இருக்கும் குழாயில் கழுவிவிட்டு வந்தேன். செருப்பைக் காணோம். முன்னறையில் யாரும் இல்லை. ஃபிரிட்ஜ் மேல் ஊறுகாய் பாட்டில் மட்டும் இருந்தது.

நான் உட்காரச் சொன்னபோது அவன் உள்ளே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். ராத்திரி படுத்தால் செயின் நினைப்பு வருவதில்லை, இதுதான் வருகிறது.

ஸ்டேஷனிலிருந்து வந்த எஸ்.ஐ. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எதும்மா உடைஞ்சிருக்கு?" என்று கேட்டார். எதுவும் உடையவில்லை. பீரோ சாவி பீரோவிலேயே தொங்கியது, அவன் அதைத் தொடவே இல்லை. "இவன் பிளான் போட்டு வந்தவன் இல்லைம்மா. நடந்து போறப்ப திறந்த வீடு கிடைச்சிருக்கு. கைக்கு எட்டினதை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்றார்.

பத்து நாள் நோட்டம் பார்த்துவிட்டு ராத்திரியில் கடப்பாரையோடு வருகிற கும்பல் ஒரு வகை. அவர்களை நானும் நீங்களும் ஒன்றும் செய்ய முடியாது, போலீஸ்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழுக்க அந்தக் கும்பலைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். நம் தெருவுக்கு வந்தவன் வேறு வகை. அவனுக்குத் திறந்த வாசல் ஒன்று வேண்டும், யாரும் பார்க்காத இரண்டு நிமிஷம் வேண்டும், சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும்படி ஏதாவது கண்ணுக்கு எதிரே கிடக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அவன் அடுத்த தெருவைப் பார்த்துப் போய்விடுவான். இந்த மூன்றையும் அன்றைக்கு நான் கொடுத்திருந்தேன்.

அவனைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கீரைக்காரம்மா. எங்கள் வீட்டிலிருந்து அவன் வெளியே வரும்போது அவர் இரண்டு வீடு தள்ளி அகத்திக்கீரை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். "செருப்பைக் கையில புடிச்சுக்கிட்டு வெறுங்காலோட போனான்க்கா. இந்த வெயில்ல யாராச்சும் அப்படி நடப்பாங்களா? அதான் திரும்பிப் பார்த்தேன்" என்றார். சட்டை நிறம், உயரம், காதில் போட்டிருந்த கடுக்கன் எல்லாம் சொன்னார். இன்னொருவர் இஸ்திரி அண்ணன். அதே ஆள் அரைமணி நேரத்துக்கு முன்னால் எதிர் வரிசையில் இரண்டு வீட்டு வாசலில் நின்று "வாடகைக்கு வீடு இருக்கா?" என்று கேட்டதை அவர் பார்த்திருக்கிறார். இரண்டு வீட்டிலும் ஆள் எழுந்து வந்திருக்கிறார்கள், அவன் நகர்ந்துவிட்டான். இவர்கள் இரண்டு பேரும் சொன்னதைத்தான் எஸ்.ஐ. எழுதிக்கொண்டு போனார். இன்றைக்குப் போலீஸ் கையில் இருக்கும் அடையாளமே அதுதான். அந்த இரண்டு பேரையும் தெருவை விட்டு அனுப்ப நீங்கள் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்.

முனையில் இருக்கும் நம் சங்கத்துக் கேமரா என்ன ஆயிற்று? கரண்ட் இல்லை, கேமராவும் ஓடவில்லை. அதற்கு பேட்டரி வைக்கவில்லை. மாதத்தில் ஒரு நாள், முன்கூட்டியே பேப்பரில் அறிவித்துவிட்டு, நம் தெருவில் கேமராவும் காலிங் பெல்லும் ஒரே நேரத்தில் நிற்கின்றன. அதே நேரத்தில்தான் காற்றுக்காக எல்லோரும் கதவைத் திறந்து போடுகிறோம். இதைச் சரி செய்யாமல் இன்னும் நான்கு கேமரா வாங்கி என்ன பயன்? இருக்கிற கேமராவுக்கு ஒரு சின்ன யு.பி.எஸ். வையுங்கள். பதிவு ஒழுங்காக ஆகிறதா என்று வாரம் ஒருமுறை போட்டுப் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். அதற்கு ஆகும் செலவில் என் பங்கை முதல் ஆளாகக் கொடுக்கிறேன். அதன் பிறகும் வேண்டும் என்றால் புதுக் கேமராவைப் பற்றிப் பேசலாம்.

கூவி விற்பவர்களைத் தடுக்கும் முடிவைப் பற்றி இன்னும் ஒன்று. நம் தெரு மாநகராட்சித் தெரு. அதில் யார் நடக்கலாம், யார் விற்கலாம் என்று சங்கம் தீர்மானம் போட முடியாது. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, தலையில் கூடை சுமந்து வருகிறவரும் அதற்குள் வருகிறார். சட்டத்தை விடுங்கள். காலை 7 மணியிலிருந்து சாயங்காலம் வரை பால்காரர், கீரைக்காரம்மா, பூக்காரம்மா, பழைய பேப்பர்காரர், இஸ்திரி அண்ணன் என்று யாராவது ஒருவர் தெருவில் இருந்துகொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மை விட அவர்களுக்குத்தான் யார் வீட்டு வண்டி எது, யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள், எது புது முகம் என்று தெரியும். அவர்களை விரட்டிவிட்டால் மதியம் 12 மணிக்கு நம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. அவனுக்கு அதுதானே வேண்டும்?

குழுவில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலப் பையன்களைப் பற்றி இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. வாசலில் நின்று வாடகைக்கு வீடு கேட்டவன் நல்ல சேலத்துத் தமிழில் பேசினான் என்று இஸ்திரி அண்ணன் சொல்கிறார். என் வீட்டுத் திருட்டைச் சாக்காக வைத்து யார் மேலும் பழி போடாதீர்கள். அந்தப் பதிவுகளை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சரி, அப்படியென்றால் என்னதான் செய்வது? இந்த ஒரு மாதத்தில் நானும் எங்கள் வீட்டுக்காரரும் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர். அங்கே காலையில் வெள்ளியை நிறுத்துக் கொடுப்பார்கள், சாயங்காலம் நிறுத்து வாங்குவார்கள், தரையைக் கூட்டிய தூசியைக்கூட வீசமாட்டார்கள். "அங்க ஒரு கிராமுக்குக் கணக்கு வெச்சிருக்கோம், இங்க 20 கிராம் தங்கம் ஃபிரிட்ஜ் மேல கிடந்திருக்கு" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கழற்றும் நகை, போன், பணம், வண்டிச் சாவி எதுவானாலும் உள்ளறை அலமாரிக்குப் போய்விடுகிறது. வாசலில் நின்று பார்த்தால் முன்னறையில் நாற்காலியும் துணியும்தான் தெரியும்.

கதவு திறந்திருந்தாலும் கிரில் கேட் பூட்டியிருக்க வேண்டும். காற்றுக்கு கிரில் தடை இல்லை. எங்கள் கிரில்லில் இருந்த கொண்டி வெளியிலிருந்து கையை விட்டாலே திறக்கும்படி இருந்தது, அதன் மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் அடித்துவிட்டோம். உங்கள் வீட்டுக் கிரில்லை இன்றைக்கே வெளியில் நின்று கையை விட்டுத் திறந்து பாருங்கள். எத்தனை வீட்டில் திறக்கும் என்று நான் பார்த்தேன், இங்கே எழுத விரும்பவில்லை.

பூட்டு விஷயத்தில் நாம் எல்லோரும் பூட்டை மட்டும் பார்த்து வாங்குகிறோம். கனமான திண்டுக்கல் பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறோம். திண்டுக்கல் பூட்டு நல்ல பூட்டுதான், 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பொருள். ஆனால் அது தொங்கும் நாதாங்கியை அரை இஞ்ச் திருகாணியில் மாட்டியிருந்தால் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினால் பூட்டோடு சேர்ந்து கையில் வந்துவிடும். எங்கள் வீட்டுக்கு வந்த ஆசாரி இதைத்தான் முதலில் காட்டினார். திருகாணியைக் கழற்றிவிட்டு, கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டுப் போட்டு முடுக்கும் போல்ட் வைத்தார். அரைமணி நேர வேலை. அப்புறம் இன்னொன்று சொன்னார். வெளியே தொங்கும் பூட்டு வீட்டில் ஆள் இல்லை என்று தெருவுக்கே அறிவிக்கும். கதவுக்குள்ளேயே பதிந்திருக்கும் பூட்டாக இருந்தால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. முடிந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

முன்கதவுக்கு இத்தனை செய்துவிட்டுப் பின்கதவை மறந்துவிடுகிறோம். நம் தெருவில் பாதி வீட்டுப் பின்கதவு வெறும் தகரமோ பிளாஸ்டிக்கோதான். கீல் வெளிப்பக்கம் இருக்கும், ஆணியைத் தட்டி எடுத்தால் கதவு தனியாக வந்துவிடும். மேட்டூர் தண்ணீர் வருகிற நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் பின்பக்கம் தொட்டியும் குடமும் நிரப்புவதில் மும்முரமாக இருப்போம். மோட்டார் சத்தத்தில் முன்னால் யார் வந்தாலும் கேட்காது. அந்த ஒரு மணி நேரம் முன்கதவைத் தாழ் போட்டுவிட்டுப் பின்னால் போங்கள். மொட்டை மாடிக் கதவும் அப்படித்தான். டேங்க்கைப் பார்க்கப் போனவர் தாழ் போடாமல் இறங்கிவிடுவார். பெயின்ட் அடித்தவர் வைத்துவிட்டுப் போன ஏணி மாதக்கணக்கில் சுவரோரம் சாய்ந்திருக்கும். நம் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஒரு மாடிக்கு ஏறினால் ஐந்து மாடிக்குப் போகலாம். ஒரு வீட்டு ஏணி அந்த வரிசைக்கே ஏணி.

சித்திரை வைகாசியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறவர்கள், ஜன்னலோரக் கட்டிலில் போனைச் சார்ஜ் போட்டு வைக்காதீர்கள். ஆணியில் பேன்ட்டை மாட்டாதீர்கள். ஒரு குச்சியில் கம்பியை வளைத்துக் கட்டி உள்ளே விட்டால் இரண்டும் வெளியே வந்துவிடும். சாவியைச் செருப்பு ஸ்டாண்டில், பூந்தொட்டிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குள் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுவோம். நமக்குத் தெரிந்த இடம் எல்லாம் அவனுக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. நகைக்கு பாலிஷ் போடுகிறேன், கேஸ் அடுப்பு செக் பண்ண வந்தேன், தண்ணீர் கொடுங்கள் என்று யார் வந்தாலும் கிரில்லைத் திறக்காமலே பேசுங்கள். தண்ணீர் கொடுக்காமல் இருக்க நம்மால் முடியாது. கிரில் சந்து வழியாகச் சொம்பைக் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இப்போது ஆடி வருகிறது. கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டித் திருவிழா தொடங்கிவிட்டால் நம் ஊரில் யாரும் வீடு தங்கமாட்டார்கள். பதினெட்டுக்கு மேட்டூர், பொங்கல் மாவிளக்கு என்று கோயில், குகைப் பகுதியில் சாமி வேடம் போட்டு அலங்கார வண்டிகளில் வரும் வண்டி வேடிக்கை. வண்டி வேடிக்கை அன்று ராத்திரி நம் தெருவில் எத்தனை வீட்டில் விளக்கு எரியும்? அதே மாதிரிதான் ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவதும், கல்யாணம் காட்சிக்குப் போவதும். முகூர்த்தம் காலை 6 முதல் 7:30 என்று பத்திரிகையில் அடித்து ஊர் முழுக்கக் கொடுக்கிறோம். துக்க வீட்டுக்கு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி, எந்தத் தெரு, எடுப்பது எத்தனை மணிக்கு என்று போடுகிறோம். இதையெல்லாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். அந்த நேரத்தில் அந்த வீட்டில் நம் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். குழுவில் ஏற்காட்டுப் படத்தை மட்டும் வீடு வந்து சேர்ந்த பிறகு போடுங்கள்.

பூட்டிய வீட்டைக் காட்டிக்கொடுப்பது கோலம்தான். ஆறு வீட்டு வாசலில் காலையில் கோலம் இருக்கும், ஏழாவது வாசல் காய்ந்து கிடக்கும். கேட்டில் மாட்டிய பையில் இரண்டு நாள் பால் பாக்கெட், உள்ளே எறிந்த பேப்பர் மூன்று. நடந்து போகிறவன் இதற்கு மேல் விசாரிக்கவே வேண்டாம். கிழக்கு முனை வீட்டு அக்கா போன மாதம் பேத்தியைப் பார்க்கப் பெங்களூர் போனபோது எட்டு நாளும் அவர் வாசலைத் தெளித்து நான் கோலம் போட்டேன். பேப்பரை எடுத்து வைத்தேன். சாயங்காலம் முன் லைட்டைப் போட்டு, காலையில் அணைத்தேன். எனக்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. சங்கம் செய்ய வேண்டிய வேலை இது என்று நான் நினைக்கிறேன். ஊருக்குப் போகிறவர் யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறார் என்று செயலாளர் அண்ணா ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். குழுவில் போட வேண்டாம், நோட்டு போதும். ஸ்டேஷனிலும் தகவல் கொடுத்தால் ரோந்து வருகிறவர்கள் பார்ப்பார்கள். நம் தெருவில் பட்டா புத்தகம் என்கிற ரோந்து நோட்டு வைத்து, ரோந்துக் காவலர் வந்து கையெழுத்துப் போடும்படி சங்கத்தின் பேரில் ஒரு மனு கொடுங்கள். நான் தனியாகக் கேட்பதை விடச் சங்கம் கேட்டால் எடுபடும்.

கடைசியாக, புகார் கொடுப்பது. நான் அன்றைக்கே கொடுத்துவிட்டேன். ஆனால் இந்த ஒரு மாதத்தில் நம் தெருவிலேயே மூன்று பேர் என்னிடம் வந்து, தங்கள் வீட்டிலும் போன் போனது, சிலிண்டர் போனது, பித்தளை அண்டா போனது என்று மெல்லச் சொன்னார்கள். கதவைத் திறந்து வைத்தது நம் தப்பு, போலீஸில் போய் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டார்களாம். கதவு திறந்திருந்தாலும் திருட்டு திருட்டுதான். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 305ஆம் பிரிவு, வீட்டுக்குள் திருடுவதற்கு 7 ஆண்டு வரை சிறை என்று சொல்கிறது. பூட்டை உடைத்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. எஃப்.ஐ.ஆர். நகலை புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். அது இருந்தால்தான் போன போனை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதிந்து முடக்க முடியும். அதற்கு ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் ஐ.எம்.இ.ஐ. அடையாள எண் வேண்டும். போனில் *#06# அடித்தால் வரும், இப்போதே எழுதி வையுங்கள். நகை பில்லையும் போட்டோ எடுத்து வையுங்கள். புது ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. அடையாளக் குறியீடு இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என் செயின் பழசு, பில் இல்லை. கல்யாண ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் எஸ்.ஐ.யிடம் காட்டினேன். அந்த மூன்று பேரும் அன்றைக்கே புகார் கொடுத்திருந்தால் இப்படி ஒருவன் சுற்றுகிறான் என்று ஸ்டேஷனுக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கும் தெரிந்திருக்கும்.

ஆகவே அடுத்த கூட்டத்தில் முதல் இரண்டு முடிவுகளையும் திரும்பப் பெறும்படி கேட்டுக்கொள்கிறேன். கீரைக்காரம்மாவுக்கும் இஸ்திரி அண்ணனுக்கும் இந்தத் தீர்மானம் பற்றித் தெரிந்துவிட்டது. அம்மா நான்கு நாளாக வரவில்லை. தலைவர் ஐயாவே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் வருவார். அவர்கள் இரண்டு பேரிடமும் சங்கத்து நம்பரைக் கொடுத்து, எதையாவது வித்தியாசமாகப் பார்த்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். அவசரம் என்றால் 112.

வண்டி வேடிக்கை அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் குகைக்குப் போகிறார்கள். நான் இந்த வருஷம் போகவில்லை. சாயங்காலம் 6 மணியிலிருந்து நீங்கள் எல்லோரும் திரும்பி வரும்வரை எங்கள் வீட்டுத் திண்ணையில் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பட்டன் கட்டுகிற வேலை நிறைய இருக்கிறது. போகிறவர்கள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
வேப்பமரத்து எதிர் வீட்டுத் தையல்காரி